ஆராய்ச்சிப் பேப்பர கையில வச்சுக்கிட்டு நியாயமான சுகாதாரக் கொள்கை கேக்கிறது எப்படி: ஏற்காட்டுப் பாம்புக்கடிய உதாரணமா வச்சு ஒரு சேலத்து கைடு

முதல்லயே சொல்லிடறேன், இது டாக்டருங்களுக்கு எழுதுனது இல்ல. ஏற்காட்டுல எஸ்டேட் யூனியன்ல இருக்கிறவங்க, வார்டு மெம்பருங்க, நர்சிங் படிக்கிற புள்ளைங்க, சேலத்துல சின்ன அளவுல தன்னார்வக் குழு நடத்துறவங்க, இவங்கள்லாம் "ஏதோ ஆராய்ச்சி வந்திருக்காமே, இத வச்சு கலெக்டர் ஆபீஸ்ல என்னத்தக் கேக்கலாம்"னு கேப்பாங்க இல்ல, அவங்களுக்கு. உலக சுகாதாரக் கொள்கைன்னா ஜெனீவால இருக்கிற உலக சுகாதார நிறுவனத்துல (டபிள்யூஎச்ஓ) கோட்டு சூட்டு போட்டவங்க பேசிக்கிற சமாச்சாரம்னு ஒரு நெனப்பு இருக்கு, ஆனா அங்க எழுதுற ஒரு வரி டெல்லிக்கு வந்து, சென்னைக்கு வந்து, கடைசியில மலை மேல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்து (பிஎச்சி) அலமாரியில ஒரு மருந்து இருக்கா இல்லையாங்கறத முடிவு பண்ணுது. கீழ இருந்து மேல போறதுக்கும் பாதை இருக்குங்க, கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்ளோதான்.

பாம்புக்கடிய ஏன் எடுத்துக்கறேன்னா, காபி பழம் பறிக்கப் போறவங்க, மிளகுக் கொடிக்கு ஏணி போடுறவங்க, ராத்திரி தரையில பாய் விரிச்சுப் படுக்கிறவங்க எல்லாருக்கும் அது அன்னாட பயம். ரெண்டாவது, சரியான ஆராய்ச்சி ஒண்ணு வந்தா உலகக் கொள்கையே எப்படி மாறும்ங்கறதுக்கு இத விட தெளிவான உதாரணம் எனக்குத் தெரியல. டிபி, ரத்தசோகை, ஃப்ளோரைடு தண்ணி, நீங்க எத எடுத்தாலும் வழி கிட்டத்தட்ட இதேதான்.

கணக்குல யாரு விட்டுப் போனாங்க?

எந்தப் பேப்பர எடுத்தாலும் "முடிவு என்ன"ன்னு பாக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கேள்வியக் கேளுங்க. இந்த கைடுல வேற எதுவும் ஞாபகம் இல்லன்னாலும் பரவால்ல, இது மட்டும் இருக்கட்டும்.

ரொம்ப வருஷமா நம்ம நாட்டு அரசு ஆஸ்பத்திரி ரெக்கார்டு படி பாம்பு கடிச்சு சாகறவங்க வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் பேருதான். அந்த நம்பர மட்டும் பாத்தா, எந்த ஆபீசரும் "இத விட பெரிய பிரச்சினை எவ்வளவோ இருக்கே"ன்னுதான் சொல்வாரு, அவரக் குத்தம் சொல்லவும் முடியாது. அப்புறம் மில்லியன் டெத் ஸ்டடின்னு ஒண்ணு வந்துச்சு, இந்தியப் பதிவாளர் ஜெனரல் ஆபீசும் டொரண்டோவுல பிரபாத் ஜா குழுவும் சேர்ந்து பண்ணது. அவங்க என்ன பண்ணாங்கன்னா, ஆஸ்பத்திரி ரெக்கார்ட நம்பாம, நாடு முழுக்க மாதிரியா எடுத்த வீடுகளுக்கே ஆள அனுப்பி, செத்தவங்க எப்படி செத்தாங்க, கடைசி நாள்ல என்னென்ன தொந்தரவு இருந்துச்சுன்னு குடும்பத்துக்காரங்க வாயாலயே கேட்டு எழுதி வாங்குனாங்க, அந்தத் தாள ரெண்டு டாக்டருங்க தனித்தனியாப் படிச்சு சாவுக்கு என்ன காரணம்னு குறிச்சாங்க. 2011ல வந்த பேப்பர்ல 2005ஆம் வருஷத்துக்கு அவங்க போட்ட கணக்கு சுமார் 46,000 சாவு. அதுல 97% கிராமத்துல. நாலுல மூணு பங்குக்கு மேல ஆஸ்பத்திரிக்கு வெளிய நடந்த சாவு. 2020ல இன்னொரு பேப்பர் வந்துச்சு, 2000 முதல் 2019 வரைக்கும் மொத்தம் 12 லட்சம், வருஷத்துக்கு சராசரி 58,000.

ஆயிரத்துச் சொச்சம் எங்க, 58,000 எங்க. ஆஸ்பத்திரிக் கணக்கு பொய்ன்னு சொல்லல, வாசல் வரைக்கும் வந்தவங்கள எண்ணுச்சு, வழியிலயே செத்தவங்க, மந்திரிக்கிறவர்கிட்ட போனவங்க, பஸ் இல்லாம விடியிற வரைக்கும் உக்காந்திருந்தவங்க அந்த எண்ணிக்கையிலயே வரல. அவங்க யாருன்னு பாத்தா கூலிக்காரங்க, குடியானவங்க, பழங்குடி மக்கள்.

அதுக்கப்புறம் நடந்தத வரிசையாப் பாருங்க. 2017ல டபிள்யூஎச்ஓ பாம்புக்கடிய புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியல்ல சேர்த்துச்சு, 2018 மே மாசம் உலக சுகாதார மாநாட்டுல தீர்மானம் போட்டாங்க, 2019ல "2030க்குள்ள சாவையும் ஊனத்தையும் பாதியாக் குறைக்கணும்"னு திட்டம், 2024 மார்ச்சுல இந்திய அரசோட தேசிய செயல் திட்டம், 2024 நவம்பர்ல தமிழ்நாடு பாம்புக்கடிய அறிவிக்கத்தக்க நோயா அறிவிச்சுச்சு, அதுவும் 1939ஆம் வருஷத்து பொது சுகாதாரச் சட்டத்துக்கு கீழ. அதாவது இனிமே அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி ரெண்டுமே கேஸ அரசாங்கத்துக்குச் சொல்லியாகணும். 2011ல பேப்பர், 2024ல அறிவிப்பு, 13 வருஷம். இந்தப் பேப்பர் ஒண்ணு மட்டும்தான் எல்லாத்தையும் பண்ணுச்சுன்னு சொல்ல மாட்டேன், நடுவுல பல நாட்டு டாக்டருங்க அலைஞ்சாங்க, ஐ.நா. பொதுச்செயலாளரா இருந்த கோஃபி அன்னான் மாதிரி ஆளுங்க குரல் குடுத்தாங்க, ஆனா கையில நம்பர் இல்லாம யாராலயும் எதுவும் பேசியிருக்க முடியாது.

ஒண்ண மறைக்காதீங்க. 2020 பேப்பர் படி சாவுல சுமார் 70% எட்டு மாநிலத்துல நடக்குது, அந்த எட்டுல தமிழ்நாடு இல்ல. நீங்க மனு எழுதும்போது 58,000ங்கற நம்பர மட்டும் போட்டு இந்த விஷயத்த விட்டுட்டீங்கன்னா, எதிர்ல உக்காந்திருக்கிற ஆபீசருக்கு அது தெரிஞ்சிருந்தா அந்த நிமிஷமே உங்க பேச்சு எடுபடாது. அத நீங்களே சொல்லிட்டு, "மாநில சராசரி கம்மியா இருக்கலாம், ஆனா மலையில என்ன நிலைமைன்னு தனியா யாரும் எண்ணலயே"ன்னு கேளுங்க. அந்தக் கேள்விக்கு பதில் சொல்றது கஷ்டம்.

இதே கதைதான் தேசிய குடும்ப நல ஆய்விலயும். 2019-21 ஆய்வுல சேலம் மாவட்டத்துக்குன்னு தனி ஃபேக்ட் ஷீட் இருக்கு, நல்ல விஷயம், ஆனா அது மொத்த மாவட்டத்துக்கும் ஒரே நம்பர். சேலம் டவுன்ல அஞ்சு ரோட்டுப் பக்கம் இருக்கிற வீடும் மலை மேல மாரமங்கலம் தாண்டி இருக்கிற குக்கிராமமும் ஒரே சராசரிக்குள்ள கலந்துடும். சராசரி நல்லா இருக்குன்னு யாராவது சொன்னா "யாரோட சராசரி"ன்னு கேட்டுடுங்க.

எங்க தேடுறது, எப்படிப் படிக்கிறது

மருத்துவ ஆய்வுப் பேப்பர் தேட பப்மெட்னு ஒரு வெப்சைட் இருக்கு, ஃப்ரீ. ஸ்நேக்பைட், இந்தியா, மார்ட்டாலிட்டின்னு இங்கிலீஷ்ல அடிச்சா வந்து கொட்டும், எல்லாத்தையும் படிக்காதீங்க, சிஸ்டமேட்டிக் ரிவ்யூன்னு ஃபில்டர் போட்டு முதல்ல அதப் பாருங்க, ஏன்னா ஒரு கேள்விக்கு வந்த எல்லா ஆய்வையும் ஒருத்தர் உக்காந்து சலிச்சு வச்சிருப்பாரு. காக்ரேன்னு இந்த மாதிரி ரிவ்யூ எழுதுற நிறுவனம் ஒண்ணு இருக்கு, அவங்க ரிவ்யூக்களுக்கு எளிய நடையில சுருக்கம் போடுவாங்க, கொஞ்சத்துக்கு தமிழ்லயே இருக்கு. அப்புறம் டபிள்யூஎச்ஓ வழிகாட்டி, நம்ம மத்திய அரசோட சிகிச்சை வழிகாட்டி.

படிக்கும்போது பர்சன்டேஜ்ல மயங்காதீங்க. ஒரு நல்ல உதாரணம் சொல்றேன், பாம்ப கொஞ்சம் ஓரமா வச்சுட்டு டிபிக்கு வாங்க. 2023ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில ரேஷன்ஸ்னு ஒரு ஆய்வு வந்துச்சு, ஜார்க்கண்ட்டுல 4 மாவட்டத்துல அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழு பண்ணது. டிபி நோயாளி வீட்டுல இருக்கிற மத்தவங்களுக்கு ஆளுக்கு மாசம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, கூட சத்து மாத்திரை, இத 6 மாசம் குடுத்தாங்க. குடுத்த பக்கம் 5,621 பேர்ல 96 பேருக்கு டிபி வந்துச்சு, குடுக்காத பக்கம் 4,724 பேர்ல 122 பேருக்கு. பத்திரிகையில "39% குறைஞ்சது"ன்னு வந்துச்சு, அது சரிதான். ஆனா நேரா எண்ணிப் பாத்தா நூத்துக்கு 2.6 பேருங்கறது 1.7 ஆச்சு. அதாவது நூத்திச் சொச்சம் பேருக்கு 6 மாசம் சாப்பாடு குடுத்தா ஒருத்தருக்கு டிபி வராம தடுக்கலாம். ரெண்டு கணக்கும் உண்மை. மனுல ரெண்டையும் போடுங்க, ஏன்னா நிதித்துறை ஆளு ரெண்டாவது கணக்கத்தான் போடுவாரு, அத நீங்களே போட்டுக் காமிச்சா "இவன் கதை விட வரல"ன்னு ஒரு மரியாதை வரும். நம்ம மலைக்கு இது ஏன் முக்கியம்னா அந்த ஆய்வுல இருந்தவங்கள்ல பெரும்பங்கு பழங்குடி மக்கள், ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில வாழுற மலையாளிங்கற பழங்குடிக் குடும்பங்களோட நிலைமைக்கு சென்னை ஆய்வ விட இது கிட்ட வரும்.

இன்னொண்ணு, ஆதாரம் இல்லங்கறதும் ஆராய்ச்சியே நடக்கலங்கறதும் வேற வேற. ஏழைங்களுக்கு வர்ற நோய்க்கு ஆராய்ச்சிப் பணமே கம்மியாத்தான் வரும், அப்புறம் "நல்ல ஆய்வு இல்லையே"ன்னு அதையே காரணமாச் சொல்லி திட்டத்தையும் தள்ளிப் போடுவாங்க. விஷமுறிவு மருந்துக்கு சும்மா தண்ணி ஊசி போட்டு ஒப்பிட்டுப் பாக்கிற மாதிரி ஆய்வு பண்ண முடியாதுங்க, கடிபட்டவன சாக விட்டா பாப்பாங்க? அதனால அந்த மாதிரி ஆய்வு இல்லங்கறத பெரிய ஓட்டையா யாராவது காட்டுனா விட்டுடாதீங்க. யாரு காசு குடுத்து ஆய்வு நடந்துச்சுன்னு கடைசிப் பக்கத்துல இருக்கும், அதையும் ஒரு பார்வ பாத்துடுங்க.

அங்க நடந்தது இங்க நடக்குமா

இதுலதான் நெறைய பேரு அவசரப்படுவாங்க. நேபாளத்துல தராய் சமவெளியில டமாக் பக்கம் ஒரு ஆய்வு, 2013ல வந்துச்சு. பாம்பு கடிச்சவங்கள பைக்ல நடுவுல உக்கார வச்சு, பின்னாடி ஒருத்தர் புடிச்சுக்கிட்டு, நேரா சிகிச்சை மையத்துக்கு ஓட்டிட்டுப் போறதுக்கு தன்னார்வலர்கள ஏற்பாடு பண்ணாங்க, ஊர்ல விழிப்புணர்வும் குடுத்தாங்க. கடிபட்டவங்கள்ல செத்தவங்க விகிதம் 10.5%ல இருந்து 0.5%க்கு வந்துடுச்சு. படிச்சவுடனே "நம்ம மலையிலயும் பைக் திட்டம் வேணும்"னு மனு எழுதத் தோணும்.

கொஞ்சம் பொறுங்க. அது சமவெளி, நம்மளுது 20 கொண்டை ஊசி வளைவு. மயக்கத்துல கழுத்து தொங்குற ஆள பைக்ல நடுவுல வச்சு அடிவாரம் வரைக்கும் எறக்குறது வேற விஷயம். அது திட்டத்துக்கு முன்னாடி எப்படி, பின்னாடி எப்படின்னு பாத்த ஒப்பீடுதான், அதனால கொஞ்சம் முன்னேற்றம் வேற காரணத்தாலயும் வந்திருக்கலாம். ஆனா அதுக்குள்ள ஒரு விஷயம் இருக்கு பாருங்க, நேரம். கடிச்ச எடத்துல இருந்து மருந்து வரைக்கும் ஆகுற நேரத்தக் குறைச்சா உயிர் பொழைக்கும், அந்த விஷயம் எந்த ஊருக்கும் பொருந்தும். அப்ப நம்ம மலைக்கு அத எப்படி மாத்துறது? குக்கிராமத்துல இருந்து பக்கத்து பிஎச்சி வரைக்கும் பைக்கோ எஸ்டேட் ஜீப்போ, முதல் டோஸ் மலை மேலயே, அப்புறம் 108ல சேலத்துக்கு. இது சமவெளித் திட்டத்த அப்படியே தூக்கிட்டு வர்றது இல்ல, ஆதாரத்துல எந்தத் துண்டு வேலை செய்யுதுன்னு பிரிச்சுப் பாத்து நம்ம எடத்துக்குத் தைக்கிறது.

மருந்து விஷயத்துல இது இன்னும் முக்கியம். இந்திய விஷமுறிவு மருந்து (ஏஎஸ்வி) நாலு பாம்புக்குத்தான், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அதுக்கு விஷம் பெரும்பாலும் வர்றது மாமல்லபுரம் போற வழியில வடநெம்மேலியில இருக்கிற இருளர் கூட்டுறவு சங்கத்துல இருந்து. காபி எஸ்டேட்டுல செடியோட செடியா பச்சையா கெடக்குமே மூங்கில் குழிவிரியன், அதுக்கு இந்த மருந்து இல்ல. நல்லவேளையா அது கடிச்சு சாகறது அபூர்வம், வீக்கமும் வலியும் கொன்னு எடுக்கும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல கார்த்திக் சுனகர் குழு பண்ண ஆய்வுகள்ல, ஒரே சாதிப் பாம்பா இருந்தாலும் ஊருக்கு ஊரு விஷம் மாறுது, சில எடத்துல இப்ப இருக்கிற மருந்து சரியா கேக்கலன்னு வந்திருக்கு.

இத உலக அளவுல பாத்தா நமக்குத்தான் கொஞ்சம் கூச்சமா இருக்கும். ஆப்பிரிக்காவுல கானாவுலயும் சாட் நாட்டுலயும் பழைய மருந்து கிடைக்காம, விலை கம்மின்னு இந்தியத் தயாரிப்பு மருந்தப் போட ஆரம்பிச்சப்ப கடிபட்டவங்க சாவு விகிதம் பல மடங்கு ஏறிடுச்சு, காரணம் சிம்பிள், நம்ம ஊரு பாம்பு விஷத்த வச்சுப் பண்ண மருந்து அவங்க ஊரு பாம்புக்கு வேலை செய்யல. நியாயமான கொள்கைன்னா நம்ம மலைக்கு மருந்து கேக்கிறதோட நிக்காது, நம்ம நாட்டுல இருந்து போற மருந்துக்கு அந்த ஊருல சோதனை நடந்துச்சான்னும் கேக்கணும்.

மறுபக்கமும் உண்டு, இங்க பண்ணத உலகம் எடுத்துக்கிட்டதும் நடந்திருக்கு. 1956ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச டிபி ஆய்வு, சானடோரியம்ங்கற டிபி ஆஸ்பத்திரியில படுக்க வச்சு குடுக்கிற சிகிச்சையும் நெரிசலான வீட்டுல இருந்துக்கிட்டே மாத்திரை சாப்புடறதும் பலன்ல ஒண்ணுதான்னு 1959ல காட்டுச்சு, கூட இருக்கிறவங்களுக்கும் அதனால அதிகமா ஒட்டலன்னு வந்துச்சு. மலைக்காத்து, முட்டை, பால்னு சானடோரியம் போக வசதி இல்லாதவங்களுக்கும் சிகிச்சை உண்டுன்னு ஆனது அதுக்கப்புறம்தான். ஏழை நாட்டுல பண்ண ஆய்வு பணக்கார நாட்டோட பழக்கத்த மாத்துச்சு, இத எங்கயாவது மீட்டிங்ல சொல்லிப் பாருங்க, நிமிந்து உக்காருவாங்க.

நியாயத்த எப்படி செக் பண்றது

காக்ரேன்ல சமத்துவம் பத்தி வேலை பாக்கிற குழு ஒரு பட்டியல் வச்சிருக்காங்க, நான் நம்ம பாஷையில சொல்றேன்: எங்க இருக்காரு, என்ன இனம் என்ன மொழி, என்ன வேலை, ஆணா பொண்ணா, என்ன மதம், என்ன படிப்பு, கையில காசு எவ்ளோ, ஆள்பலம் உண்டா. எந்தத் திட்டத்தையும் இந்த எட்டுலயும் ஓட்டிப் பாருங்க, எல்லாத்துலயும் சிக்காது, ரெண்டு மூணுலதான் சிக்கும்.

உதாரணத்துக்கு டிபி நோயாளிக்கு மாசா மாசம் குடுக்கிற ஊட்டச்சத்துப் பணம், 2024 நவம்பர்ல 500ல இருந்து 1,000 ரூபாயா ஏத்துனாங்க, நல்லது. ஆனா அது பேங்க் அக்கவுண்ட்டுக்குத்தான் வரும். அக்கவுண்ட் இல்லாத கிழவி, ஆதார்ல பேரு தப்பா இருக்கிற ஆளு, பேங்க்குக்குப் போகணும்னா ஒரு நாள் கூலிய விடணுங்கற எஸ்டேட் தொழிலாளி, இவங்களுக்கு அந்த 1,000 எப்ப கையில சேரும்? பாம்புக்கடியில வேலையும் காசும் சேர்ந்து அடிக்கும். கட்டுவிரியன் ராத்திரி தரையில படுத்திருக்கிறவங்களத்தான் கடிக்கும், கடிச்சதே தெரியாது, விடிகாலையில வயித்து வலி, கண் இமை தொங்கும். கட்டில் இருக்கிற வீட்டுக்கு இந்த ஆபத்து கம்மி. அப்ப கட்டிலும் கொசுவலையும் சுகாதாரத் திட்டத்துக்குள்ள வர வேண்டியதுதான், நேபாளத்துல கொசுவலைக்குள்ள படுக்கிறவங்களுக்கு கடி ரொம்பக் கம்மின்னு ஆய்வே இருக்கு.

நீங்களே எண்ணுறதுன்னா

மலைக்குன்னு நம்பர் இல்லன்னு சொன்னோம் இல்ல, அப்ப கொஞ்சமாவது நாமளே எண்ணணும். பெரிய ஆய்வெல்லாம் வேணாம். நாலஞ்சு குக்கிராமம், ஊர்ப் பெரியவங்ககிட்டயும் கிராம சுகாதார செவிலியர் (விஎச்என்) கிட்டயும் சொல்லிட்டுப் போங்க, வீட்டுக்காரங்க சம்மதம் கேட்டுட்டு உக்காருங்க. எடுத்தவுடனே "உங்க வீட்டுல யாரு செத்தாங்க"ன்னு ஆரம்பிச்சுடாதீங்க. "இந்த அஞ்சு வருஷத்துல யாருக்காவது பூச்சி பட்டுச்சா"ன்னு கேளுங்க, ராத்திரில பாம்புன்னு வாயில எடுக்க மாட்டாங்க, கேள்வியும் அவங்க பேச்சுலயே இருக்கட்டும். பட்டுச்சுன்னா எந்த நேரம், என்ன வேலையில இருந்தப்ப, முதல்ல யாருகிட்ட கூட்டிட்டுப் போனாங்க, வண்டி எப்ப கெடச்சுது, ஊசி எங்க போட்டாங்க, எவ்ளோ செலவாச்சு, எத்தன நாள் கூலி போச்சு. இவ்ளோ போதும்.

பேரு எழுதாதீங்க, வீட்டு நம்பர் எழுதாதீங்க, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடுறதெல்லாம் கூடவே கூடாது. சின்ன ஊர்ல "மகன் செத்த வீடு"ன்னு சொன்னாலே யாருன்னு தெரிஞ்சுடும், அதனால எழுதும்போது ரெண்டு மூணு ஊர சேர்த்துக் குடுங்க. இந்த எண்ணிக்கைய வச்சு "ஏற்காட்டுல லட்சத்துக்கு இத்தன பேரு சாகறாங்க"ன்னு சொல்லவும் கூடாது, அதுக்கு இது பத்தாது. எங்க நேரம் வீணாகுது, எங்க ஓட்டை இருக்குன்னு காட்டத்தான் இது. எடுத்தத அந்த ஊருக்கே திரும்பப் போய் படிச்சுக் காமிங்க, அவங்க திருத்துவாங்க, அந்தத் திருத்தம்தான் பாதி விஷயம்.

ஒரே பக்கம், ஒரே கோரிக்கை

மனு ஒரு பக்கத்துக்கு மேல போனா யாரும் படிக்க மாட்டாங்க, இது எனக்குப் பிடிக்காத உண்மை. யாருக்கு எழுதறோம்னு முதல்ல முடிவு பண்ணுங்க. பிஎச்சி விஷயம்னா மாவட்ட சுகாதார அலுவலர், தாலுகா ஆஸ்பத்திரின்னா இணை இயக்குநர், மருந்து கொள்முதல்னா தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். தப்பான மேசைக்குப் போன மனு மாசக்கணக்குல சுத்தும்.

"பாம்புக்கடிக்கு நல்ல சிகிச்சை வேண்டும்"னு எழுதுனா "ஆவன செய்யப்படும்"னு பதில் வரும், முடிஞ்சுது. அதுக்கு பதிலா இந்த மாதிரி எழுதிப் பாருங்க: "மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் விஷமுறிவு மருந்து, புதிய கண்ணாடிச் சோதனைக் குழாய்கள், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் சுவாசப் பை ஆகியவை 24 மணி நேரமும் இருப்பில் இருப்பதை உறுதி செய்யவும், இருப்பு விவரத்தை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் வெளியிடவும் கேட்டுக்கொள்கிறோம்." இருக்கா இல்லையான்னு யாரு வேணா போய்ப் பாத்து சொல்லிடலாம், அதான் இதோட பலம்.

கண்ணாடிக் குழாய் எதுக்குன்னு கேப்பீங்க. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடிச்சு விஷம் ஏறுனா ரத்தம் உறையாது. நரம்புல இருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, புதுசா சுத்தமா காஞ்ச கண்ணாடி டியூப்ல விட்டு, ஆட்டாம அசைக்காம 20 நிமிஷம் வச்சுட்டு ஒரு தடவை சாய்ச்சுப் பாக்கணும். தண்ணி மாதிரி ஓடுச்சுன்னா விஷம் ஏறியிருக்கு, மருந்து போடணும். மெஷின் வேணாம், கரண்ட் வேணாம். ஆனா பிளாஸ்டிக் டியூப்ல பண்ணா தப்பான ரிசல்ட் வரும், சோப்புப் போட்டுக் கழுவுன டியூப்லயும் தப்பா வரும். நாகம், கட்டுவிரியனுக்கு இது காட்டாது, அதுக்கு கண் இமையையும் மூச்சையும்தான் பாக்கணும். அஞ்சு பத்து ரூபா டியூப் ஒரு பெட்டி இல்லாததால ஒரு ஆள 30 கிலோமீட்டர் மலைப் பாதையில கீழ அனுப்ப வேண்டி வருதுன்னா, "நிதி இல்ல"ன்னு யாராலயும் சொல்ல முடியாது பாருங்க. பெரிய கோரிக்கையோட இந்த மாதிரி சின்னதா ஒண்ணு, ஆதாரம் கெட்டியா இருக்கிறது ஒண்ணு, கண்டிப்பா சேருங்க. மருந்தும் பவுடரா வர்ற ஏஎஸ்வியா இருந்தா குளிர்ச்சியான எடத்துல வச்சாலே போதும், ஏற்காட்டுக் குளிருக்கு கரண்ட் போச்சு, ஃபிரிட்ஜ் ரிப்பேருங்கற சாக்கெல்லாம் செல்லாது.

நிதி பத்திக் கேட்டா கோபப்படாதீங்க, அது நியாயமான கேள்வி. இந்தக் காசு இதுக்குப் போனா வேற எதுக்கோ போகாது. அதனால செலவையும் நீங்களே ஒரு வரியில போட்டுடுங்க, யாருக்கு முதல்ல குடுக்கணும்ங்கற வரிசையையும் போடுங்க: தூரமா இருக்கிற குக்கிராமம் முதல்ல, டவுன் பக்கம் கடைசியில. டபிள்யூஎச்ஓ வழிகாட்டி எழுதுற குழுவே பலன், பாதிப்பு, செலவு, சமத்துவம், மக்கள் ஏத்துக்குவாங்களா, நடைமுறைக்கு ஆகுமான்னு தனித்தனி தலைப்புல எழுதியாகணும், உங்க ஒரு பக்கத்துலயும் அந்த வரிசைய வச்சுக்கிட்டா படிக்கிற டாக்டருக்கு பழகுன மாதிரி இருக்கும்.

கிராம சபைய விட்டுடாதீங்க. வருஷத்துக்கு ஆறு, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்க தீர்மானமா எழுத வச்சு, அதோட நகலையும் மனுவோட இணைச்சா தனி ஆளோட குறைங்கறது ஊரோட கோரிக்கை ஆயிடும். மாவட்ட சுகாதாரப் பேரவை நடக்கும்போது அங்கயும் குடுங்க.

ஜெனீவா வரைக்கும் போகணும்னா அதுக்கும் வாசல் இருக்கு. டபிள்யூஎச்ஓ அத்தியாவசிய மருந்துப் பட்டியல் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை திருத்துவாங்க, எந்த மருந்தச் சேக்கணும் எதத் தூக்கணும்னு வந்த விண்ணப்பங்கள வெப்சைட்ல போட்டு கருத்து கேப்பாங்க, யாரு வேணா எழுதலாம். தனி ஆளா எழுதறத விட மருத்துவக் கல்லூரி பேராசிரியர் ஒருத்தர், யூனியன், ஊர்த் தீர்மானம் மூணும் சேர்ந்து போனா எடை கூடும். அந்தக் கூட்டத்துல யாரு பேரு முன்னாடி போகணும்னு சண்டை வரும், ஊர்க்காரங்க பேர முதல்ல போட்டுட்டா சண்டை தானா அடங்கும்.

அனுப்புனதுக்கு அப்புறம்

அறிவிப்பு வந்துடுச்சு, வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. அறிவிக்கத்தக்க நோய்ன்னு காகிதத்துல இருக்கும், ரிஜிஸ்டர் காலியா இருக்கும். ஆர்டிஐ போடுங்க, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. மூணே கேள்வி போதும்: மலைப்பகுதி நிலையங்கள்ல இருந்து போன 12 மாசத்துல எத்தன பாம்புக்கடி கேஸ் பதிவாச்சு, மாசா மாசம் ஏஎஸ்வி இருப்பு எவ்ளோ, எத்தன பேர கீழ அனுப்புனாங்க. பேரு ஊரு எதுவும் கேக்காதீங்க, குடுக்கவும் மாட்டாங்க, குடுக்கவும் கூடாது. தனியார் ஆஸ்பத்திரியில இருந்து ஒரு கேஸ் கூட பதிவாகலன்னு பதில் வந்தா, அடுத்த மனு அதுக்குத்தான். 30 நாள்ல பதில் வரலன்னா முதல் மேல்முறையீடு, அதுக்கு ஃபீஸ் கிடையாது. மார்ச் மாசக் கடைசிக்குள்ள போட்டுட்டீங்கன்னா மே 1 கிராம சபைக்கு பதில் கையில இருக்கும், நாட்டுல பாம்புக்கடி சாவுல பாதி ஜூன்ல இருந்து செப்டம்பருக்குள்ளதான் நடக்குது, அதுக்கு முன்னாடி அலமாரி நிரம்பியிருக்கணும்.